ரூட் இன்டெக்ரேஷன்ல மூணு நாள் போச்சு, என் அனுபவம்

அக்கா பையனுக்கு சொல்லிக்குடுக்க உட்கார்ந்தேன், கணக்கு எக்ஸ் கியூப் இன்டு √(4 − எக்ஸ்²), லிமிட் 0லேர்ந்து 2. ரூட்டுக்குள்ள 4 மைனஸ் எக்ஸ் ஸ்கொயர்னு பார்த்ததும் கை தானா எக்ஸ் = 2 சைன் டீட்டானு போட்டுடுச்சு. 32 சைன் கியூப் காஸ் ஸ்கொயர்னு வந்துச்சு, அதுல போய் சைன் 3டீட்டா ஃபார்முலாவ நுழைச்சு ரெண்டு பக்கம் ஓட்டி எங்கயோ ஒரு பிளஸ் மைனஸ் குறி மாறிப்போச்சு.

மறுநாள் பை பார்ட்ஸ், அதாவது பெருக்கல்ல இருக்கிற ரெண்டையும் பிரிச்சு இன்டெக்ரேட் பண்ற முறை. ரூட்ட மட்டும் தனியா இன்டெக்ரேட் பண்ணா சைன் இன்வர்ஸ் வந்து உட்கார்ந்துக்குது, கூடவே பழைய கணக்கே திரும்பி வருது, விட்டுட்டேன்.

மூணாவது நாள்தான் ரூட்டுக்குள்ள பார்க்காம வெளிய பார்த்தேன். வெளிய எக்ஸோட பவர் 3, ஒத்தப்படை. அதுல ஒரு எக்ஸ உருவி டிஎக்ஸ் கூட சேர்த்தா யு = 4 − எக்ஸ்² வேலை செய்யுது (டியு = −2எக்ஸ் டிஎக்ஸ், அதனால வெளிய ஒரு மைனஸ் பாதி நிக்கும்), மிச்ச எக்ஸ்² வந்து 4 − யு ஆயிடும். இதே இடத்துல எக்ஸ்² மட்டும் இருந்திருந்தா டீட்டாதான் சரி.

அப்பவும் ஆன்சர் மைனஸ்ல வந்துச்சு! 0 டு 2ல எல்லாமே பாசிட்டிவ், எப்படி மைனஸ் வரும்னு முழிச்சேன். லிமிட்ட மாத்தவே இல்ல. எக்ஸ் 0னா யு 4, எக்ஸ் 2னா யு 0, தலைகீழா வர்ற அந்த லிமிட்ட திருப்பிப் போட்டா வெளிய நிக்கிற மைனஸ் காணாமப் போயிடுது. அப்புறம் பாதி இன்டு (64/3 − 64/5), அதாவது 64/15. நாலே வரி.