சிட்டில ஓட்டுற அதே கையோட மலை ஏறாதீங்க: பைக்ல நாம பண்ற தப்புகள்

தினமும் தாம்பரத்துலேர்ந்து கிண்டி வரைக்கும் பைக்ல ஆபீஸ் போயிட்டு, மூணு நாள் சேர்ந்தாப்ல லீவு கிடைச்சா அதே வண்டியில கொல்லிமலை, வால்பாறை, ஊட்டின்னு கிளம்பிடறவங்க நம்மள்ல நிறைய பேர் இருக்கோம். நானும் அப்படித்தான், பதினோரு வருஷமா ஒரே 150 சிசி வண்டி. டூருக்குன்னு தனியா பெரிய வண்டி வாங்கணும்ங்கற அவசியமே கிடையாது, இந்த வண்டியே எல்லா ஊருக்கும் கூட்டிட்டுப் போகும். ஆனா சிட்டில பழகுன கை அப்படியே மலைக்கும் ஹைவேக்கும் நம்ம கூடவே வந்துடுது, அங்கேர்ந்து திரும்பும்போது ஹைவேல பழகுன கண்ணு சிட்டிக்குள்ள வந்துடுது. நான் பக்கத்துல நின்னு பார்த்த நிறைய விபத்து, நானே தப்பிச்ச ஒண்ணு ரெண்டு, எல்லாமே இந்த எடத்துலதான் ஆரம்பிச்சிருக்கு.

முதல்ல கிளட்ச். சிட்டி டிராபிக்ல இடது கை எப்பவும் கிளட்ச் மேலயே இருக்கும், சிக்னல் வந்தா கிளட்ச்ச புடி, ஆட்டோ குறுக்க வந்தா கிளட்ச்ச புடி, அது யோசிக்காமலே வர்ற பழக்கம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் என் தம்பியும் கொல்லிமலை போனோம். காரவள்ளி அடிவாரத்துலேர்ந்து மேல ஏறுற ரோட்டுல மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது ஒண்ணும் தெரியல, செகண்ட் கியர்ல வண்டி பாட்டுக்கு போயிட்டு இருந்துச்சு. மறுநாள் இறங்கும்போது ஒவ்வொரு வளைவுக்கும் கிளட்ச்ச புடிச்சுக்கிட்டு பின் பிரேக்க மிதிச்சு மிதிச்சு இறங்கிட்டு இருக்கேன், பின்னாடி தம்பி, ரெண்டு பக்கமும் பேக்கு. பாதி மலை கூட இறங்கியிருக்க மாட்டோம், ஏதோ கருகுற வாசனை வருது, லாரி பிரேக் வாசனைன்னு நெனச்சேன், ஆனா முன்னாடி லாரியே இல்ல. அடுத்த வளைவுல பெடல் வழக்கத்த விட ஒரு இன்ச்சு கீழ போகுது, எவ்வளவு அழுத்துனாலும் வண்டி கேக்கவே இல்ல. முன் பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா புடிச்சு தடுப்புச் சுவர் ஓரமா நிறுத்துறதுக்குள்ள கை காலெல்லாம் நடுங்கிடுச்சு.

தம்பி பாட்டில் தண்ணிய எடுத்து பின் சக்கரத்து பிரேக் டிரம் மேல ஊத்தப் போனான். பலாப்பழம் வித்துட்டிருந்த ஒரு பெரியவர் அங்கேர்ந்தே சத்தம் போட்டார், "தண்ணி ஊத்தாத தம்பி, சூட்டுல இரும்பு கோணிக்கும், தானா ஆறட்டும்." அரை மணி நேரம் உக்காந்தோம். கிளம்பும்போது அவரே சொன்னார், "எந்த கியர்ல ஏறுனியோ அந்த கியர்லயே இறங்கு, பிரேக்குக்கு வேலையே இருக்காது." மீதி மலைய செகண்ட் கியர்ல, கிளட்ச்ச தொடாம, ஆக்ஸிலேட்டர விட்டுட்டு இறங்குனோம். இஞ்சினே வண்டிய புடிச்சு வச்சுக்கிச்சு, பிரேக்க வளைவுக்கு முன்னாடி சும்மா ஒரு தொடு தொட்டா போதும்.

இதுல நடக்கறது ரொம்ப சிம்பிள். பிரேக்க விடாம மிதிச்சுக்கிட்டே இருந்தா டிரம்மும் அதுக்குள்ள உரசுற பிரேக் ஷூவும் சூடாகி உராய்வு குறைஞ்சு போகும். டிஸ்க்கா இருந்தாலும் தப்பிக்க முடியாது, பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்த இழுத்துக்கும், பழசாக பழசாக சீக்கிரமே கொதிக்க ஆரம்பிச்சு லீவர் பஞ்சு மாதிரி ஆயிடும், அதனாலதான் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ பிரேக் ஆயில் மாத்தச் சொல்றாங்க. கிளட்ச்ச புடிச்சிட்டா இஞ்சின் சக்கரத்த புடிக்கறது நின்னுடும், மொத்த பாரமும் பிரேக் மேலதான். இப்படி இருக்கும்போது பெட்ரோல் மிச்சம்னு இஞ்சின ஆஃப் பண்ணி நியூட்ரல்ல உருட்டிட்டு இறங்கறவங்கள பார்த்தா எனக்கு பயமா இருக்கு. மிச்சமாகற பெட்ரோல் ஒரு டீ காசுக்கு கூட வராதுங்க, தயவு செஞ்சு பண்ணாதீங்க.

மலைல இன்னொரு தப்பு, பார்வை. சிட்டில நமக்கு முன்னாடி போற வண்டியோட பம்பரத்தான் பார்த்து ஓட்டுவோம், பத்தடி தள்ளி என்ன நடக்குதுன்னு மட்டும்தான் கண்ணு தேடும். கொண்டை ஊசில அப்படி பார்த்தா வண்டி எங்க பார்க்கறீங்களோ அங்கயே போகும், பள்ளத்த பார்த்தா பள்ளத்துக்கு. தலைய நல்லா திருப்பி, வளைவு முடிஞ்சு ரோடு எங்க போகுதோ அங்க பாருங்க, வண்டி தானா திரும்பும். வேகத்த குறைக்கறதெல்லாம் வளைவுக்கு முன்னாடியே முடிச்சுடணும், சாய்ஞ்சிட்டு இருக்கும்போது பிரேக் புடிச்சா டயரோட பிடிமானம் ரெண்டு வேலைக்கு பங்கு போயிடும், மணல் கிடந்தா அவ்வளவுதான். அப்புறம் கவர்மென்ட் பஸ் வளைவுல முழு ரோட்டையும் எடுத்துதான் திரும்பும், அதுக்கு வேற வழியே இல்ல, சந்து இருக்கேன்னு உள்ள பூந்துடாதீங்க, முன்னாடியே ஓரமா நின்னுடுங்க. மேல ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி, இது மரியாதைக்காக மட்டும் சொல்றது இல்ல, சாலை விதியிலயே இருக்கு.

காட்டு வழியா போறவங்க நேரத்தையும் பார்த்து கிளம்புங்க. பந்திப்பூர் வழி ராத்திரி 9 மணிலேர்ந்து காலைல 6 மணி வரைக்கும் மூடிடுவாங்க, அத நெனச்சு கடைசி நேரத்துல விரட்டிட்டு போறவங்கதான் யானை முன்னாடி போய் நிக்கறாங்க.

முன் பிரேக் பத்தி தனியா சொல்லியே ஆகணும். "முன் பிரேக் புடிக்காத, தூக்கி அடிச்சிடும்"னு சைக்கிள் ஓட்டுன காலத்துலேர்ந்து நம்ம மண்டையில ஏத்தி வச்சிருக்காங்க, அதனால பத்து வருஷம் வண்டி ஓட்டுனவங்க கூட பின் பிரேக்க மட்டுமே நம்பி ஓட்டுறாங்க. பிரேக் புடிச்ச உடனே வண்டியோட எடையில பெரும்பகுதி முன் சக்கரத்துக்கு வந்துடும், பின் சக்கரம் லேசாயிடும், லேசான சக்கரத்த எவ்வளவு மிதிச்சாலும் அது வழுக்கத்தான் செய்யும், நிக்காது. அவசரத்துல வண்டிய நிறுத்தற பெரிய வேலைய செய்யறது முன் பிரேக்தான். விழறது முன் பிரேக்கால இல்லைங்க, லீவர படார்னு அமுக்கறதாலயும், ஹேண்டில் திரும்பி இருக்கும்போது அமுக்கறதாலயும்தான். எலுமிச்சம்பழம் பிழியற மாதிரி ஆரம்பத்துல மெதுவா, அப்புறம் கெட்டியா. 2019 ஏப்ரல்லேர்ந்து 125 சிசிக்கு மேல விக்கற புது பைக்குக்கெல்லாம் பிரேக் புடிக்கும்போது சக்கரம் லாக் ஆகாம பார்த்துக்கற ஏபிஎஸ் கட்டாயம், உங்க வண்டி அதுக்கு முந்தினதுன்னா இந்தப் பழக்கம் இன்னும் முக்கியம். ஞாயித்துக்கிழமை காலைல காலி கிரவுண்டு ஒண்ணு பார்த்து, 40ல வந்து ரெண்டு பிரேக்கையும் சேர்த்து புடிச்சு எவ்வளவு தூரத்துல நிக்குதுன்னு பாருங்க, ஒரு இருபது தடவ பண்ணா கை தானா கத்துக்கும்.

ஹைவே. சிட்டில முன்னாடி வண்டிக்கும் நமக்கும் ஒரு வண்டி அளவு இடைவெளி விட்டா கூட நடுவுல ஒருத்தர் பூந்துடுவார், அதனால ஒட்டியே ஓட்டி பழகிட்டோம். அதே மாதிரி ஹைவேல லாரி பின்னாடி ஒட்டிப் போனா என்ன ஆகும்னு கணக்கு போட்டு பாருங்க. 80ல போகும்போது ஒரு செகண்டுக்கு 22 மீட்டர் போறோம், கண்ணு பார்த்து கை பிரேக்குக்கு போறதுக்குள்ளயே அந்த 22 மீட்டர் காலி. லாரி பள்ளத்த நடுவுல விட்டு தாண்டிப் போயிடும், அதோட அடியிலேர்ந்து அந்தப் பள்ளம் திடீர்னு உங்க முன் சக்கரத்துக்கு நேரா வரும். முன்னாடி வண்டி ஒரு மைல்கல்ல தாண்டுனதும் மனசுக்குள்ள எண்ணுங்க, மூணு எண்ணறதுக்குள்ள நீங்க அந்தக் கல்லுகிட்ட வந்துட்டா ரொம்ப கிட்ட இருக்கீங்கன்னு அர்த்தம்.

இடது ஓரமும் நாம நெனைக்கற மாதிரி பத்திரமான எடம் கிடையாது. ராங் சைடுல வர்ற டூவீலர், லைட் இல்லாம நிக்கற லாரி, கரும்பு டிராக்டர் எல்லாமே அந்த ஓரத்துலதான். அறுவடை நேரத்துல டெல்டா பக்கம் போனா ரோட்டுலயே நெல்லு காயும், உளுந்துச் செடிய வண்டி ஏறட்டும்னு பரப்பி வச்சிருப்பாங்க, அது மேல பிரேக் புடிச்சா சோப்பு மேல புடிச்ச மாதிரி. நேரா, ஒரே வேகத்துல, பிரேக்க தொடாம தாண்டிடுங்க. டிராபிக் இருக்காதுன்னு ராத்திரி 12 மணிக்கு கிளம்பறதும் நல்லதில்ல, ரெண்டு மணிலேர்ந்து அஞ்சு மணி வரைக்கும் உடம்பு எப்படியும் தூக்கத்த கேக்கும், டீ குடிச்சா கொஞ்ச நேரம் தள்ளிப் போகும் அவ்வளவுதான். நல்லா தூங்கிட்டு காலைல அஞ்சு மணிக்கு கிளம்புங்க, வெயில் ஏறறதுக்குள்ள பாதி தூரம் போயிடலாம்.

கிளம்பறதுக்கு முன்னாடி நடக்கற தப்புகளும் இருக்கு. ஏர் செக் பண்றது பாதி பேர் வழியில பெட்ரோல் பங்க்லதான், அம்பது கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதுக்கு அப்புறம் பார்த்தா அளவு கூடுதலாத்தான் காட்டும், சரின்னு குறைச்சுடுவோம், ஆறுனதும் டயர் தொய்ஞ்சு போயிருக்கும். வீட்டுப் பக்கத்துலயே, வண்டி ஓடாம இருக்கும்போது பாருங்க. பின்னாடி ஆள் வந்தா பின் டயருக்கு எவ்வளவுன்னு வண்டியிலயே ஒட்டியிருக்கும், இல்லன்னா கையேட்டுல இருக்கும், ஒவ்வொரு வண்டிக்கும் வேற வேற. டயர் சைடுல நாலு நம்பர் ஒண்ணு இருக்கும், 2321ன்னு இருந்தா 2021ம் வருஷம் 23வது வாரத்துல செஞ்சதுன்னு அர்த்தம். பட்டன், அதான் ரோட்ட தொடற ரப்பர் மேடு, நல்லா இருக்கேன்னு வயசான டயரோட மழையில மலை ஏறாதீங்க, ரப்பர் கெட்டியாயிருக்கும்.

லக்கேஜ் கட்டும்போது கனமான சாமான கேரியர் கடைசில கட்டுனா முன் சக்கரம் லேசாகி ஹேண்டில் ஆடும், கனமானது கீழயும், முடிஞ்ச வரைக்கும் சீட்டுக்கு கிட்டயும் வரணும். எலாஸ்டிக் கயிறோட கொக்கி நுனி, பேக்கோட வார் எதுவும் தொங்கக் கூடாது, செயின்லயோ சக்கரத்துலயோ மாட்டுனா பின் சக்கரம் அப்படியே லாக் ஆயிடும். புடவை முந்தானை, துப்பட்டாவும் அப்படித்தான், சிட்டிக்குள்ள ரெண்டு தெரு போறதா இருந்தாலும் அம்மாவோ அக்காவோ ஏறி உக்காந்ததும் ஒரு தடவ திரும்பிப் பார்த்து, சொருகிட்டாங்களான்னு கேட்டுட்டு கிளட்ச்ச விடுங்க. ஒரு உயிர் விஷயம் இது, கேக்கறதுக்கு கூச்சப்படாதீங்க.

மழைய பத்தி ரெண்டே விஷயம். மழை ஆரம்பிச்ச முதல் பதினஞ்சு இருபது நிமிஷம்தான் ரொம்ப மோசம், ரோட்டுல படிஞ்ச ஆயிலும் தூசியும் சேர்ந்து மேல மிதக்கும், அந்த நேரத்துல எங்கயாவது ஒதுங்கி நின்னுட்டு போனா நல்லது. மெட்ரோ வேலைக்கு போட்ட இரும்புத் தகடு, மேம்பாலத்துல வர்ற இரும்பு இணைப்பு, வெள்ளைக் கோடு, மேன்ஹோல் மூடி இதெல்லாம் ஈரத்துல கண்ணாடி மாதிரி, அது மேல திரும்பவும் கூடாது பிரேக் புடிக்கவும் கூடாது. அப்புறம் தேங்கின தண்ணில வண்டி நின்னுட்டா செல்ஃப அமுக்கிக்கிட்டே இருக்காதீங்க, இஞ்சினுக்குள்ள தண்ணி போயிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சு பெரிய செலவுல விட்டுடும், தள்ளிட்டு வந்து மெக்கானிக்க கூப்பிடுங்க.

ஹெல்மெட் போடுங்கன்னு நான் சொல்ல வேண்டியதில்ல, ஆனா தாடை வார் மாட்டாம சும்மா தலையில கவுத்துட்டு போறவங்கள தினமும் பார்க்கறேன். அது அடி படறதுக்கு முன்னாடியே கழண்டு ஓடிடும். வாருக்கும் தாடைக்கும் நடுவுல ரெண்டு விரல் போகணும், அதுக்கு மேல தொளதொளன்னு இருந்தா போட்டதுக்கு அர்த்தமில்ல. பின்னாடி உக்காந்து வர்றவங்களுக்கும் சட்டப்படி கட்டாயம், அவங்க தலையும் தலைதான்.

கடைசியா, ரொம்ப பேர் யோசிக்காத ஒண்ணு, திரும்பி வர்றது. ஆறு மணி நேரம் 80ல ஓட்டிட்டு வந்த கண்ணுக்கு 50ங்கறது நடக்கற மாதிரி தெரியும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் செங்கல்பட்டு தாண்டுனதும் வீடு வந்துடுச்சுங்கற நெனப்பு வந்துடும், உடம்பு அசந்திருக்கும், ஆனா பெருங்களத்தூர்ல பஸ் பின்னாலேர்ந்து ஆள் ஓடி வரும், ஷேர் ஆட்டோ நட்ட நடு ரோட்டுல நிக்கும், ராங் சைடுல வண்டி வரும். எனக்கு தெரிஞ்ச ஒரு பையன் எழுநூறு கிலோமீட்டர் ஒரு கீறல் இல்லாம சுத்திட்டு வந்து வீட்டுக்கு நாலு கிலோமீட்டர் முன்னாடி, நின்ன காரோட கதவு திறந்து காலர் போன் உடைஞ்சான். அதுலேர்ந்து நான் சிங்கப்பெருமாள்கோவில் பக்கம் ஒரு டீக்கடையில கட்டாயம் கால் மணி நேரம் நிறுத்திடறேன், முகம் கழுவிட்டு, வைசர துடைச்சுட்டு, கிளம்பும்போது மீட்டர பார்த்து 40லயே வேணும்னு கொஞ்ச தூரம் ஓட்டுவேன், கண்ணு பழைய வேகத்த மறக்கற வரைக்கும். திங்கக்கிழமை காலைல ஆபீஸ் கிளம்பறதுக்கு முன்னாடி பின் டயர் காத்த ஒரு ஆள் அளவுக்கு குறைச்சு, செயின துடைச்சு ஆயில் விட்டு, பெடல ஒரு தடவ அமுக்கிப் பார்த்துட்டுதான் கேட்ட திறப்பேன்.