அம்பு இடப்பக்கம் போனது ஏன்?

ஒன்பது நாளாக ஒரே தொல்லை. மட்டக்களப்புக் கல்லடியில் வளவுக்குள் வடக்குப் பார்த்து எய்கிறேன். 35 இறாத்தல் இழுவிசை உள்ள மர வில், 15 மீற்றர் தூரம், வலக்கையால் நாண் இழுப்பவன். அம்பு ஒவ்வொன்றும் ஒரு சாண் இடப்பக்கம் போய்க் குத்தியது.

முதலில் வலப்பக்கம், கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றைச் சந்தேகித்தேன். காற்றே இல்லாத விடியலில் எய்தும் அதே இடம்தான். அம்புத் தண்டு விறைப்புக் கூடினால் இடப்பக்கம் போகும் என்பதால் முனையைப் பாரமாக்கினேன். கொஞ்சம் திரும்பியது, ஆனால் சிதறல் கூடியது. நாணை முறுக்கி, வில்லுக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டினேன். சத்தம்தான் குறைந்தது.

அப்புறம்தான் விரல்களைப் பார்த்தேன். தழும்பு முதல் மூட்டு மடிப்பில் இல்லை, நுனிச் சதையில் இருந்தது. நுனியால் பிடித்தால் விரல் இறுகி, விடும்போது கை வலப்பக்கம் வெளியே விலகி நாணையும் இழுத்துக்கொண்டு போகும். அம்பின் வால் வலப்பக்கம் இழுபட, முனை இடப்பக்கம் திரும்பும்.

வைக்கோல் அடைத்த சாக்கை மூன்று மீற்றரில் வைத்து, நாணை மூட்டு மடிப்பில் கொளுவி, புறங்கையைத் தட்டையாக வைத்து, கண்ணை மூடி எய்தேன். பெருவிரலில் வெண்கட்டி பூசிக்கொண்டேன். கை நேரே பின்னால் போனால் காதுக்குக் கீழே கழுத்தில் வெள்ளைக் கோடு விழும். விலகினால் கழுத்தில் ஒன்றும் இராது. முதல் நாள் இருபதில் நாலு கோடு. அஞ்சாம் நாள் பதினேழு.

பழைய முனையை மாட்டி 15 மீற்றருக்குப் போனேன். ஆறு அம்பும் நடுவில், உள்ளங்கை அகலத்துக்குள். பெரிய நிம்மதி.