எஃப்.ஆர்.ஜி.எஸ். மானியம்: புதிதாகச் சேர்ந்த விரிவுரையாளர்கள் எப்படி எழுதினால் கிடைக்கும்?

பிஎச்.டி. முடித்துப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, அறைக் கதவில் பெயர்ப்பலகைகூட மாட்டியிருக்க மாட்டார்கள், அதற்குள் "கிராண்ட் போட்டாச்சா?" என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் இருக்கிற நம் பிள்ளைகள் பலர் திணறுவது இந்த இடத்தில்தான். ஆய்வு செய்யத் தெரியும், கட்டுரை எழுதத் தெரியும், ஆனால் அரசாங்கப் பணம் யார் யார் கையைத் தாண்டி வருகிறது என்பதை யாரும் உட்கார வைத்துச் சொல்வதில்லை. அதனால் இதை எழுதுகிறேன். பெரும்பாலும் மலேசிய உயர்கல்வி அமைச்சின் எஃப்.ஆர்.ஜி.எஸ். (FRGS) பற்றித்தான் சொல்லப் போகிறேன், புதியவர்கள் முதலில் குறி வைப்பதும் வைக்க வேண்டியதும் அதுதான்.

எஃப்.ஆர்.ஜி.எஸ். என்பது அடிப்படை ஆய்வுக்கான மானியம், 2006-இலிருந்து இருக்கிறது. இரண்டு அல்லது மூன்று ஆண்டுத் திட்டங்களுக்குக் கொடுப்பார்கள். புதியவர்கள் மூத்த பேராசிரியர்களோடு ஒரே வரிசையில் நின்றால் எப்போது முறை வரும் என்ற குறை ரொம்ப நாளாக இருந்தது. முன்பு ரேசர் என்ற பெயரில் ஆரம்பநிலை ஆய்வாளர்களுக்குத் தனியாக ஒன்று வந்தது, இப்போது எஃப்.ஆர்.ஜி.எஸ்.-இ.சி. என்று தனிப் பிரிவு இருக்கிறது. தகுதி பற்றி நண்பர்களிடம் கேட்காதீர்கள். பிஎச்.டி. முடித்து எத்தனை ஆண்டுக்குள் இருக்க வேண்டும், உச்சவரம்பு எத்தனை வெள்ளி (ரிங்கிட்), ஒப்பந்த ஊழியராக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அந்தந்தச் சுற்றின் வழிகாட்டியில் இருக்கும், சுற்றுக்குச் சுற்று மாறவும் செய்யும். போன வருடம் விண்ணப்பித்தவர் சொல்வது இந்த வருடம் செல்லுபடியாகும் என்று நம்ப முடியாது. தனியார் பல்கலைக்கழகத்தில் இருப்பவர்களும் விண்ணப்பிக்கலாம், அது நமக்கில்லை என்று ஒதுங்கிவிடாதீர்கள். பி.ஆர்.ஜி.எஸ்., டி.ஆர்.ஜி.எஸ்., எல்.ஆர்.ஜி.எஸ். என்று இன்னும் சில இருக்கின்றன. முதலாவது முன்மாதிரி உருவாக்கத்துக்கு, மற்ற இரண்டும் பெரிய குழுக்களுக்கு. இப்போதைக்கு அவற்றை விட்டுவிடுங்கள்.

சரி, யார் முடிவு செய்கிறார்கள்? அமைச்சுதான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். ஆனால் விண்ணப்பம் புத்ராஜெயாவிலுள்ள அமைச்சின் கண்ணில் படுவதற்கு முன்னால் உங்கள் சொந்த வளாகத்தைத் தாண்டியாக வேண்டும். மைகிராண்ட்ஸ் என்ற இணையத்தளத்தில் நீங்கள் நிரப்புவது முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு மேலாண்மை மையத்துக்குப் போகும். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யு.எஸ்.எம்.மில் அதை ஆர்.சி.எம்.ஓ. என்பார்கள், மலாயாப் பல்கலைக்கழகத்தில் ஐ.பி.பி.பி. அங்கே ஓர் உள் மதிப்பீட்டுக் குழு படித்து, திருத்தச் சொல்லும் அல்லது அங்கேயே நிறுத்திவிடும். அதைத் தாண்டினால்தான் அமைச்சின் துறைவாரி மதிப்பீட்டாளர்கள் கைக்குப் போகும், அவர்களும் மற்ற பல்கலைக்கழகங்களிலிருந்து வருகிற விரிவுரையாளர்கள், பேராசிரியர்கள்தான். அவர்கள் பரிந்துரைத்த பிறகே அமைச்சின் முடிவு. இதிலிருந்து இரண்டு விஷயம் புரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அமைச்சின் கடைசித் தேதி உங்களுக்கான கடைசித் தேதி இல்லை, உள்குழுவின் தேதி அதற்கு ரொம்ப முன்னாலேயே வந்துவிடும், அதைத் தவறவிட்டால் அந்தச் சுற்று முடிந்தது. இரண்டு, படிக்கிறவர் உங்கள் துறைக்காரராக இருக்கலாம், ஆனால் உங்கள் தலைப்பின் நிபுணராக இருக்கப் போவதில்லை. கையில் ஒரு கட்டு விண்ணப்பங்களை வைத்துக்கொண்டு, வகுப்புக்கும் கூட்டத்துக்கும் நடுவே, ஒருவேளை இரவு பத்து மணிக்குப் படிக்கிற மனிதர் அவர். அவருக்காக எழுத வேண்டும், உங்கள் பிஎச்.டி. மேற்பார்வையாளருக்காக இல்லை.

துறையைத் தேர்ந்தெடுப்பதைப் பலர் கடைசியில் ஏனோதானோவென்று செய்கிறார்கள். எஸ்.டி.ஜி. (STG) என்றால் தூய, பயன்பாட்டு அறிவியல், டி.கே. தொழில்நுட்பமும் பொறியியலும், எஸ்.கே.கே. மருத்துவமும் சுகாதாரமும், டபிள்யூ.ஏ.பி. இயற்கை, பண்பாட்டு மரபு. தகவல் தொழில்நுட்பத்துக்கும் சமூக அறிவியலுக்கும் தனித்தனியாக உண்டு. கோயில் சிற்பத்தையோ தோட்டப்புற வாய்மொழிக் கதைகளையோ ஆராய்கிறவர் மரபுத் துறையில் போட்டால் ஒரு மாதிரியான மதிப்பீட்டாளர் கிடைப்பார், சமூக அறிவியலில் போட்டால் "மாதிரி அளவு எத்தனை, கருவியின் நம்பகத்தன்மை எவ்வளவு" என்று கேட்கிறவர் கிடைப்பார். உங்கள் செய்முறை எந்தக் கேள்விக்குத் தாங்குமோ அந்தத் துறையில் போடுங்கள்.

இனி தலைப்பும் ஆய்வுச் சிக்கலும். விண்ணப்பங்கள் பெரும்பாலும் விழுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

எஃப்.ஆர்.ஜி.எஸ்.க்கு விழுகிற அடிகளில் ரொம்பப் பழையது "இது அடிப்படை ஆய்வு அல்ல" என்ற ஒரு வரிதான். நீங்கள் எதைச் செய்து தரப் போகிறீர்கள் என்பதில் இந்த மானியத்துக்கு அக்கறை இல்லை, உலகத்துக்கு இதுவரை எது தெரியவில்லை என்று கேட்கிறது. நிபோங் தெபாலிலிருந்து ஒரு தங்கச்சி தன் வரைவைக் கொண்டுவந்து காட்டினார். தலைப்பு: தமிழ்ப்பள்ளி முதலாம் ஆண்டு மாணவர்களுக்கான வாசிப்புச் செயலி உருவாக்கம். நல்ல எண்ணம்தான், யாருக்கும் மறுப்பு இருக்காது. ஆனால் இது பொருள் தயாரிக்கிற திட்டம். "அப்போ செயலி செய்யவே கூடாதாண்ணே?" என்று கேட்டார். செய்யலாம்மா, ஆனால் அது பிறகு, வேறு மானியத்தில். முதலில் சொல், அந்தப் பிள்ளை ஏன் வாசிக்கத் தடுமாறுகிறது, உனக்குத் தெரியுமா? தெரியாது என்றார். அந்தத் தெரியாததுதான் விண்ணப்பம்.

உட்கார்ந்து பேசியதில் இரண்டு வாய்ப்பு வந்தது. வீட்டில் பேச்சுத் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளை "வருகிறான்" என்று எழுத்துக்கூட்டி வாசித்துவிடும், ஆனால் அதன் காதுக்குப் பழக்கமானது "வர்றான்", இரண்டையும் சேர்க்க முடியாமல் நின்றுவிடலாம். அல்லது எழுத்து வடிவமே தடையாக இருக்கலாம்: "கொ" என்பதில் குறி எழுத்தின் முன்னாலும் பின்னாலும் நிற்கிறது, ஒலியோ மெய்க்குப் பிறகுதான் வருகிறது. கூடவே அதே பிள்ளை அதே ஆண்டில் மலாயும் ஆங்கிலமும் ரூமி எனும் இலத்தீன் எழுத்தில் படிக்கிறது. இந்தத் தடைகளில் எது எவ்வளவு, ஒன்றோடொன்று எப்படிப் பின்னுகிறது என்பதற்கு ஒரு விளக்க மாதிரி இல்லை என்று நூல்களை அலசிக் காட்ட முடிந்தால், அப்போது அது அடிப்படை ஆய்வு. பள்ளியும் அதுதான், பிள்ளைகளும் அதே பிள்ளைகள்தான், கேள்விதான் மாறியது.

அறிவியல் பக்கமும் இதே கதைதான். செம்பனை ஆலைச் சாம்பலைக் கான்கிரீட்டில் கலந்தேன், வலிமை கூடியது என்று எழுதினால், இந்த நாட்டில் அதைப் பல பேர் செய்துவிட்டார்கள், மதிப்பீட்டாளர் அடுத்த விண்ணப்பத்துக்குப் போய்விடுவார். சாம்பலிலுள்ள சிலிக்கா சுண்ணாம்போடு வினைபுரியும் வேகத்தை எது தீர்மானிக்கிறது என்று கேட்டால் நின்று படிப்பார். இதற்காகத் தலைப்பில் "பொறிமுறையைத் தெளிவுபடுத்துதல்" என்று ஒரு சொல்லை ஒட்டிவிட்டால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அந்தத் தந்திரம் எல்லாருக்கும் தெரிந்து பழசாகிவிட்டது, உள்ளே பொறிமுறை இல்லாவிட்டால் இரண்டாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

நோக்கங்கள் மூன்று போதும். ஒவ்வொரு நோக்கத்துக்கும் ஒரு கேள்வி, ஒரு செய்முறை, ஒரு முடிவு இருக்க வேண்டும், நான்கையும் ஒரே நேர்கோட்டில் விரல் வைத்து இழுத்துப் பார்க்க முடிய வேண்டும். எங்காவது விரல் நின்றால் அங்கே ஓட்டை. கருதுகோள் எழுதும்போது "குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கும்" என்பதோடு விட்டுவிடாதீர்கள், எந்தத் திசையில், ஏன் என்று சொல்லுங்கள். செய்முறைக்கு ஓட்டப்படம் கேட்பார்கள், கால அட்டவணை கேட்பார்கள். முந்தைய திட்டத்தின் படத்தை அப்படியே ஒட்டினால் மாட்டிக்கொள்வீர்கள், நோக்கத்தின் எண்ணும் படத்தின் எண்ணும் ஒத்துப்போகாது.

ஐ.நா.வின் நீடித்த மேம்பாட்டு இலக்குகள், நாட்டின் அறிவியல், தொழில்நுட்ப, புத்தாக்க, பொருளாதாரத் திட்டமான 10-10 மைஸ்டி சட்டகம் ஆகியவற்றோடு உங்கள் ஆய்வு எங்கே பொருந்துகிறது என்றும் எழுத வேண்டியிருக்கும். இரண்டு வரியில் நேர்மையாக எழுதினால் போதும். பதினேழு இலக்கையும் தொட்டுவிட்டதாக எழுதுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.

அப்புறம் பணம். வரவுசெலவை வோட் எனும் செலவுத் தலைப்பு எண்களாகப் பிரித்துக் கேட்பார்கள்: வோட் 11000 சம்பளம், 21000 பயணம், 27000 ஆய்வுப் பொருள்கள், 29000 தொழில்முறைச் சேவைகள், 35000 கருவிகள். இன்னும் சில உண்டு. இங்கே பார்ப்பது மொத்தத் தொகையை மட்டும் இல்லை, நீங்கள் வேலையை உண்மையிலேயே யோசித்துப் பார்த்தீர்களா என்பதையும்தான். "பயணம், பத்தாயிரம் வெள்ளி" என்று எழுதினால் வெட்டுவதற்கு வசதி செய்து கொடுக்கிறீர்கள். பினாங்கில் 28 தமிழ்ப்பள்ளிகள், அவற்றில் ஆய்வுக்கு எடுப்பது தீவில் மூன்று, பெருநிலத்தில் மூன்று, ஒவ்வொன்றுக்கும் தவணைக்கு ஒரு முறை, போய்வர இத்தனை கிலோமீட்டர், பாலக் கட்டணம் இவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் கை வைக்க யோசிப்பார்கள். சம்பளத் தலைப்பில் ஆய்வு உதவியாளருக்கு எத்தனை மாதம் என்று எழுதுங்கள். இது முக்கியம், ஏனென்றால் இந்த மானியம் கட்டுரையை மட்டும் எதிர்பார்க்கவில்லை, முதுகலை அல்லது பிஎச்.டி. மாணவரை உருவாக்கவும் சொல்கிறது. ஒருவரை மூன்று ஆண்டு படிக்க வைப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டு ஒரு வருடச் சம்பளம் மட்டும் போட்டால், மீதிக்கு அவர் எங்கே போவார் என்று கேள்வி வரும். கருவித் தலைப்பில் மடிக்கணினி, கைப்பேசி போன்றவற்றைப் போட்டால் கண்ணில் குத்தும், வழிகாட்டி அனுமதிக்கிறதா என்று முதலில் பாருங்கள். வளாகத்தில் வேறு துறையில் அந்தக் கருவி இருக்கிறது என்றால் அதையே எழுதுங்கள், சிக்கனக்காரர் என்று பெயர் கிடைக்கும்.

குழுவில் பெரிய பெயர் ஒன்று இருக்கட்டும் என்று பேராசிரியரைச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். தவறில்லை, ஆனால் அவர் என்ன வேலை செய்வார் என்று ஒரு வரி இருக்க வேண்டும். புள்ளியியல் தெரிந்த ஒருவர், களத்தில் ஆள் தெரிந்த ஒருவர் அதைவிடப் பயன்படுவார்கள். வாசிப்பு ஆய்வுக்கு அனுபவமுள்ள ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியரோடு பேசிவிட்டு எழுதிய செய்முறையையும், பேசாமல் எழுதியதையும் யாரும் பிரித்துச் சொல்லிவிடலாம்.

அனுமதிகள் பற்றி விண்ணப்பத்திலேயே தெரிந்து வைத்திருப்பதாகக் காட்டுங்கள். பள்ளிக்குள் போக வேண்டுமென்றால் கல்வி அமைச்சின் இராஸ் (eRAS) என்ற இணைய விண்ணப்ப முறை வழியாக அனுமதி வேண்டும், பிறகு மாநிலக் கல்வி இலாகா. மனிதர்களை ஆராய்ந்தால் நெறிமுறைக் குழு, யு.எஸ்.எம்.மில் அதன் பெயர் ஜெப்பெம். சபா, சரவாக் காடுகளில் மாதிரி எடுப்பதென்றால் அந்த மாநிலங்களின் தனி அனுமதி. இவையெல்லாம் மாதக்கணக்கில் இழுக்கும், கால அட்டவணையில் முதல் மாதமே தரவு சேகரிப்பு என்று போட்டிருந்தால் எழுதியவருக்குக் களம் தெரியாது என்று அர்த்தம்.

கிடைக்காவிட்டால்? பெரும்பாலோருக்கு முதல் தடவை கிடைக்காது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மதிப்பீட்டாளர் கருத்து கிடைத்தால் இரண்டு நாள் தள்ளி வைத்துவிட்டு, கோபம் அடங்கிய பிறகு படியுங்கள். இடைப்பட்ட காலத்துக்குப் பல்கலைக்கழகங்களின் உள் மானியங்கள் இருக்கின்றன: யு.எஸ்.எம்.மில் குறுங்கால மானியம், தேசியப் பல்கலைக்கழகமான யு.கே.எம்.மில் இளம் ஆய்வாளர்களுக்கான ஜி.ஜி.பி.எம்., புத்ரா பல்கலைக்கழகமான யு.பி.எம்.மில் இனிஷியாட்டிஃப் புத்ரா மூடா. தொகை சிறியதுதான், ஆனால் அதில் ஒரு முன்னோட்ட ஆய்வு செய்து ஒரு கட்டுரை வெளியிட்டுவிட்டால் அடுத்த சுற்றில் "இவரால் முடியும்" என்பதற்குச் சான்று கையில் இருக்கும். புதியவர்களின் விண்ணப்பத்தில் பெரும்பாலும் இல்லாதது அந்தச் சான்றுதான்.

கிடைத்துவிட்டால், மானிய ஒப்புதல் கடிதத்தில் ஒரு திட்டக் குறியீடு வரும், எஃப்.ஆர்.ஜி.எஸ். என்று தொடங்கி ஆண்டு, துறை, பல்கலைக்கழகம் எல்லாம் அதில் இருக்கும். வெளியிடுகிற ஒவ்வொரு கட்டுரையின் நன்றியுரையிலும் அதை எழுத்துப் பிசகாமல் போட வேண்டும், போடாத கட்டுரை கணக்கில் சேராது. பணம் உங்கள் கைக்கு வராது, பல்கலைக்கழக நிதியகத்தின் வழியாகத்தான் செலவாகும், அதனால் நிதியக ஊழியர்களோடு முதல் நாளிலிருந்தே நல்ல பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். முன்னேற்ற அறிக்கைகளை மைகிராண்ட்ஸில் நேரத்துக்கு ஏற்றுங்கள். வாக்களித்த மாணவரும் கட்டுரையும் வராமல் திட்டம் முடிந்தால் அடுத்த விண்ணப்பத்தின்போது அந்தப் பதிவு முன்னால் வந்து நிற்கும். ஒருவர் ஒரு நேரத்தில் ஓர் எஃப்.ஆர்.ஜி.எஸ்.க்குத்தான் தலைமை தாங்க முடியும் என்பதால், இழுத்துக்கொண்டே போகிற திட்டம் உங்களுடைய அடுத்த திட்டத்தின் இடத்தையும் சேர்த்தே பிடித்துக்கொள்கிறது.