லைப்ரரி காம்பொனென்ட்டுக்கு ராப்பர் போட்டாலும் டைப் தொலையாம இருக்க

திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்கு ஆர்டர் என்ட்ரி ஸ்கிரீன் பண்ணிட்டு இருக்கறனுங்க, ரியாக்ட்டும் டைப்ஸ்கிரிப்ட்டும். டிராப்டவுன் வெளி லைப்ரரியோடது. அத அப்படியே எல்லாப் பக்கத்துலயும் இறக்கிட்டா நாளைக்கு லைப்ரரிய மாத்தறப்ப ஒவ்வொரு ஃபைலா தொறந்து உக்காரோணும், அதனால நம்ம பேர்ல ஒரு ராப்பர், அதாவது உள்ளுக்குள்ள லைப்ரரியோடதையே கூப்பிடற நம்ம காம்பொனென்ட். செட்டப் எல்லாம் உங்களுக்கே தெரியும், டைப்ஸ்கிரிப்ட்டோட ஸ்ட்ரிக்ட் மோட் மட்டும் ஆன்ல இருக்கோணும்.

முதல்ல, ப்ராப்ஸோட (காம்பொனென்ட்டுக்கு நாம வெளியருந்து குடுக்கறது) டைப்பக் கையால எழுதாதீங்க. ரியாக்ட்லயே காம்பொனென்ட்ப்ராப்ஸ்னு இருக்குதுங்க, அதுக்குள்ள டைப்ஆஃப் போட்டு லைப்ரரி காம்பொனென்ட் பேரக் குடுத்தா முழு டைப்பும் வந்துரும், வெர்ஷன் மாறுனா கூடவே மாறிக்கும். எனி (எதக் குடுத்தாலும் ஏத்துக்கற டைப்) போட்டுத் தப்பிக்கறதுக்கு ராப்பரே போடாம இருக்கலாம்.

அப்புறம், தீம் மாதிரி நாமளே முடிவு பண்ற ப்ராப்ஸ ஆமிட் பண்ணிட்டு, அதாவது டைப்லருந்து கழிச்சுட்டு, மீதிய ஸ்ப்ரெட்ல உள்ள அனுப்பிருங்க. ஆமிட் டைப்ஸ்கிரிப்ட் 3.5-லருந்தே கூடவே வருது.

என்னையப் போட்டுச் சுத்த வெச்சது இந்த ஆமிட்தானுங்க. அந்த டிராப்டவுன்ல மல்டிபிள் ட்ரூன்னா வேல்யூ ஒரு அர்ரே, ஃபால்ஸ்னா ஒத்த ஸ்ட்ரிங், ரெண்டும் சேந்து ஒரு யூனியன், அதாவது இது இல்லாட்டி அதுங்கற டைப். ஆமிட்ட நேரா அது மேல போட்டா ரெண்டையும் கலக்கி ஒரே டைப்பாக்கிரும்: மல்டிபிள் எதா இருந்தாலும் சரி, வேல்யூ அர்ரேவும் ஆகலாம் ஸ்ட்ரிங்கும் ஆகலாம். ஒரே கலர் எடுக்கற டிராப்டவுனுக்கு கலர் லிஸ்ட்டயே தூக்கிக் குடுத்தாலும் எடிட்டர்ல ஒரு செவப்புக் கோடு வராது. ரெண்டுலயும் பொதுவா இல்லாத ப்ராப் இருந்தா அது காணாமயே போயிரும்.

இதுக்கு சொந்தமா ஒரு ஆமிட் எழுதிக்கோங்க: டி எக்ஸ்டெண்ட்ஸ் அன்நோன், கேள்விக்குறி, டி மேல பழைய ஆமிட், கோலன், நெவர். இதுல டிங்கறது நாம குடுக்கற ப்ராப்ஸ் டைப். அன்நோன்ல எல்லா டைப்பும் அடங்கும்ங்கறதால அந்தக் கண்டிஷன் எப்பவும் உண்மைதான், வெட்டியா நிக்கற மாதிரி தெரியும், ஆனா அது இருந்தாத்தான் யூனியனோட ஒவ்வொரு உறுப்பையும் தனித்தனியா எடுத்து ஆமிட் பண்ணும்.

சரியா வந்துச்சான்னு ஹோவர் பண்ணிப் பாக்கறத நான் நம்பறதில்லைங்க. வேணும்னே தப்பான வேல்யூ ஒண்ணக் குடுத்து அதுக்கு மேல டிஎஸ்-எக்ஸ்பெக்ட்-எரர் கமென்ட்ட வைங்க, எரர் வராட்டி அந்தக் கமென்ட்டே எரராயிரும்.

பின்சேர்க்கை: "எனக்கு வேல்யூ அன்நோன்னு வருது"ன்னு கேட்டிருந்தீங்க. லைப்ரரி காம்பொனென்ட்டே ஜெனெரிக்கா (பயன்படுத்தற எடத்துல டைப் முடிவாகற மாதிரி) இருந்தா டைப்ஆஃப் வழி அப்படித்தான் ஆகும். அப்ப லைப்ரரி எக்ஸ்போர்ட் பண்ற ப்ராப்ஸ் டைப்ப எடுத்து ராப்பரையும் ஜெனெரிக் ஃபங்ஷனா எழுதுங்க. அத ஃபார்வர்ட்ரெஃப்ல (ரெஃப்ப, அதாவது எலிமென்ட்டப் புடிக்கற கைப்பிடிய, உள்ள கடத்தறது) சுத்துனா ஜெனெரிக் திரும்பவும் போயிரும், ரியாக்ட் 19-ல ரெஃப்பும் சாதா ப்ராப்தான்ங்கறதால அந்தத் தொல்லை இல்லைங்க.