பத்தாம் வகுப்பில் போர்டு மாற்றுவது எப்படி? முதலில் பட்டியல், அப்புறம் பாடம்

கும்பகோணம், மன்னார்குடி, கூத்தாநல்லூர் பக்கமெல்லாம் வளைகுடாவிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ ஊர் திரும்பும் குடும்பங்கள் நிறைய. வீடு மாற்ற ஒரு லாரி போதும். ஒன்பதாவதிலும் பத்தாவதிலும் இருக்கும் பிள்ளையை சி.பி.எஸ்.இ.யிலிருந்து மாநிலப் பாடத்திட்டத்துக்கோ, இங்கிருந்து அங்கேயோ மாற்றுவதுதான் வேலை. எங்கள் வீட்டில் இது இரண்டு முறை நடந்தது. ஒன்று சொதப்பியது, ஒன்று சரியாக வந்தது. இரண்டையும் வைத்துத்தான் எழுதுகிறேன்.

முதல் படி: காலண்டரைப் பாருங்கள்

எட்டாவது முடித்து மாற்றினால் தலைவலி குறைவு. பத்தாவது முடித்து பிளஸ் ஒன்னில் மாற்றுவது அதைவிட எளிது, கையில் பொதுத்தேர்வு மார்க் ஷீட் இருக்கும். ஒன்பதாவது முடித்துப் பத்தாவதில் மாற்றுவது முடியும், ஆனால் ஜூன் மாதத்திலேயே முடித்துவிட வேண்டும். பத்தாவது நடுவில் வேண்டவே வேண்டாம். பிளஸ் ஒன்னுக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவிலும் வேண்டாம். 2025-26 முதல் மாநிலப் பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு இல்லை என்பதால் மாறலாமே என்று சிலர் கேட்கிறார்கள். சி.பி.எஸ்.இ.யில் 9-10ம் 11-12ம் இரண்டிரண்டு வருடப் படிப்பு. பதினொன்றாவதை வேறு இடத்தில் படித்துவிட்டுப் பன்னிரண்டாவதில் போய் உட்காருவது லேசில் நடக்காது.

நம் பக்கத்து ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. தை மாசம் நெல் வித்த காசு கைக்கு வந்ததும், பிள்ளையை நல்ல பள்ளியாகப் பார்த்து மாற்றலாம் என்று கிளம்புவார்கள். அந்தக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள். ஜூன் பன்னிரண்டாம் தேதியையொட்டி மேட்டூர் திறக்கும்போது எடுத்தால் போதும்.

இரண்டாம் படி: பெயர் எந்தப் பட்டியலில் இருக்கிறது?

யாரும் கேட்காத கேள்வி இது. பாடம் எவ்வளவு கஷ்டம், பீஸ் எவ்வளவு, வேன் வருமா என்று கேட்போம். பிள்ளை எந்தப் பள்ளி மூலமாகப் பொதுத்தேர்வு எழுதப்போகிறான் என்று கேட்க மாட்டோம்.

சி.பி.எஸ்.இ.யில் ஒன்பதாவதிலேயே பதிவு முடிந்துவிடும். பத்தாவதில் ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் தேர்வெழுதுவோர் பட்டியலைப் பள்ளி அனுப்பிவிடும். பள்ளிக்காரர்கள் அதை எல்.ஓ.சி. என்பார்கள். மாநிலப் பாடத்திட்டத்தில் அதற்கு நாமினல் ரோல் என்று பெயர். பள்ளிக் கல்வித்துறை மாணவர் விவரங்களை வைத்திருக்கும் எமிஸ் தளத்தின் தகவலை வைத்துத் தயாராகும், அரசுத் தேர்வுகள் இயக்ககத்துக்குப் போகும். பட்டியல் போனபின் பள்ளி மாறினால் பிள்ளை இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் நிற்பான்.

என் அக்கா மகனுக்கு அதுதான் ஆனது. அத்தானுக்கு வளைகுடாவில் வேலை போய்விட்டது. நவம்பரில் எல்லாரும் ஊர் வந்துவிட்டார்கள். பையன் அங்கே சி.பி.எஸ்.இ. பத்தாவது. இங்கே ஒரு பள்ளியில் போய்க் கேட்டோம். "அதெல்லாம் பார்த்துக்கலாம் சார், முதல்ல அட்வான்ஸ் கட்டிடுங்க" என்றார்கள். கட்டினோம். சீருடைகூடத் தைத்தாகிவிட்டது. இரண்டு வாரம் கழித்து, பட்டியலில் பெயர் சேர்க்க முடியாது என்று கையை விரித்தார்கள். கடைசியில் அக்கா பையனைக் கூட்டிக்கொண்டு திரும்பிப் போய், தெரிந்தவர் வீட்டில் இருந்து, பழைய பள்ளி வழியாகவே பரீட்சை எழுத வைத்தாள். விமானச் செலவோடு பார்த்தால் அட்வான்ஸ் போனது பெரிதில்லை.

அதனால் புதுப் பள்ளியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "உங்கள் பள்ளி மூலமாகத்தான் என் பிள்ளை இந்த வருடப் பொதுத்தேர்வு எழுதுவான் என்று எழுதித் தருவீர்களா?" வாயால் சொல்வது கணக்கில் வராது.

மூன்றாம் படி: எதை இழக்கிறீர்கள் என்று பாருங்கள்

பிள்ளை இப்போது அரசுப் பள்ளியில் இருந்தால் இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். மருத்துவச் சேர்க்கையில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. அடுத்த வருடமே பொறியியல், வேளாண்மை, சட்டம் எல்லாவற்றுக்கும் வந்தது. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது பொது விதி. நடுவில் ஒரே ஒரு வருடம் தனியார் பள்ளிக்குப் போனாலும் அது கையைவிட்டுப் போகும். நம் ஊர்களில் பெயர்பெற்ற பழைய பள்ளிகள் பல அரசு உதவிபெறும் பள்ளிகள். அவை இந்த 7.5 கணக்கில் சேராது. இது தெரியாமல் மாற்றியவர்கள் உண்டு. கல்லூரியில் படிக்கும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறு முதல் பன்னிரண்டு வரை எங்கே படித்தார்கள் என்பதே கேள்வி. தமிழ்வழியில் படித்தவர்களுக்கு அரசு வேலையில் 20 சதவீதம் இருக்கிறது, வழி மாற்றினால் அதுவும் பாதிக்கும்.

நான்காம் படி: காகிதம்

டி.சி., கடைசி வகுப்பு மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார். வேறு போர்டுக்கோ வேறு மாநிலத்துக்கோ போகும்போது டி.சி.யில் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பார்கள், கிளம்புமுன் பழைய ஊரிலேயே வாங்கிவிடுங்கள். தமிழ்நாட்டுக்குள் பள்ளி மாறினால், பழைய பள்ளி எமிஸில் பிள்ளையை விடுவித்து, பள்ளி மாறும் பிள்ளைகளுக்கான பொதுப் பட்டியலான காமன் பூலுக்கு அனுப்ப வேண்டும். அதன்பிறகுதான் புதுப் பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். டி.சி. கையில் இருக்கிறதே என்று நிம்மதியாக இருக்காதீர்கள், எமிஸில் மாறிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்து விசாரியுங்கள்.

இன்னொன்று, இன்ஷியல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் நிற்கும். ஆதாரில் ஒற்றை எழுத்து முன்னால் நிற்கும். பழைய பள்ளியில் இன்ஷியலே இருக்காது. பத்தாவது சான்றிதழில் என்ன அச்சாகிறதோ அதுதான் பிள்ளைக்குக் காலம் முழுக்க. சேரும் நாளிலேயே ஒன்றாக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் நகலெடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பரண்மேல் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது வேதாரண்யம் பக்கம் ஓட்டோடு சேர்த்துச் சான்றிதழ்களையும் இழந்தவர்களைப் பார்த்த பிறகு, போனிலும் ஒரு படம் எடுத்து வைக்கிறேன்.

ஐந்தாம் படி: பாடம்

கணக்கும் அறிவியலும் நினைக்கிற அளவுக்குப் பயமில்லை. சி.பி.எஸ்.இ. பிள்ளை இங்கே வந்தால், புத்தகத்தின் பின்பக்க வினாக்களை வரி தவறாமல் எழுதிப் பழக வேண்டும். இங்கிருந்து அங்கே போகிற பிள்ளைக்கு வேறு பிரச்சினை. அங்கே பாதிக் கேள்விகள் படித்ததை வேறு சூழலில் பொருத்திப் பார்க்கச் சொல்லும். மனப்பாடம் அங்கே கைகொடுக்காது.

இடிப்பது தமிழ்தான். 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாவதில் தமிழ் கட்டாயம். வேறு மாநிலத்திலிருந்து வந்து சேரும் பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்க வழி உண்டு, பள்ளி மூலமாக முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். என் மகள் பெங்களூரில் ஒன்பதாவது வரை இந்தி எடுத்தவள். வீட்டில் தமிழ் பேசுவாள், எழுத்துக் கூட்டிப் படிப்பாள், அவ்வளவுதான். நாங்கள் விலக்குக் கேட்கவில்லை.

செய்யுளை மனப்பாடம் செய்துவிட்டாள். குறளை அலகிட்டு, அதாவது ஒவ்வொரு சீரையும் நேர், நிரை என்று அசை பிரித்து, அதற்குரிய தேமா, புளிமா போன்ற வாய்பாட்டை எழுதச் சொல்லும் கேள்வியில்தான் அழுதாள். வலங்கைமானிலிருந்து கும்பகோணம் போகிற பஸ்ஸில் அதற்கு வழி கிடைத்தது. எதிரே வருகிற ஊர்ப் பெயர்களை அலகிடச் சொன்னேன். தஞ்சை, நேர் நேர், தேமா. குடந்தை, நிரை நேர், புளிமா. காவிரி, நேர் நிரை, கூவிளம். வலங்கைமான் புளிமாங்காய். ஒரு மாதத்தில் கண்டக்டர் ஊர் பெயரைக் கூவினாலே இவள் வாய்பாடு சொல்ல ஆரம்பித்தாள். ஒருநாள் எதிரே மன்னார்குடி பஸ் வந்தது. "தேமாங்கனிப்பா, கனியில முடியற சீர் குறள்ல வராது" என்றாள்.