தொட்டியில் ஜப்பானிய மேப்பிள்: தொட்டி மாற்றுவதும் பனிக்காலம் கடத்துவதும்

என் முதல் ஜப்பானிய மேப்பிள் பனிக்காலத்தில் செத்துப்போனது. அது எனக்குத் தெரிந்ததோ வசந்தத்தில்தான். மொட்டுகள் விரிந்தன, சிவப்பாக இலைகளும் எட்டிப் பார்த்தன. மூன்றாவது வாரம் எல்லாம் ஒரேயடியாகத் தொங்கிவிட்டன. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் வேர் முழுக்கக் கறுத்து, தொட்டதும் தோல் உரிந்து வந்தது. கிளைகளில் சேர்ந்திருந்த சத்தை வைத்துத்தான் அந்த இலைகள் விரிந்திருக்கின்றன. கிளைகளுக்கெல்லாம் சாக்கு சுற்றிவிட்டுத் தொட்டியை அப்படியே வெளியே விட்டிருந்தேன். செய்ய வேண்டியது அதற்கு நேர்மாறு.

நன்றாக உறக்கத்துக்குப் போன மரத்தின் கிளைகள் மைனஸ் 20 டிகிரி செல்சியஸைக்கூடத் தாங்கும். வேருக்கு அந்தத் தெம்பு கிடையாது. மைனஸ் 10ஐ நெருங்கினாலே சாக ஆரம்பிக்கும், இளவேர்கள் அதற்கும் முன்னாலேயே போய்விடும். தரையில் நட்ட மரத்துக்கு இது பெரிய பிரச்சினை இல்லை, மண்ணுக்கடியில் அவ்வளவு குளிர் இறங்குவதில்லை. தொட்டியிலோ நான்கு பக்கமும் குளிர் தாக்கும். இனி நான் சொல்லும் எல்லாமே இந்த வேரைச் சுற்றித்தான்.

எப்போது மாற்றுவது

பனிக்காலம் முடிகிற நேரத்தில் மொட்டுகள் உப்ப ஆரம்பிக்கும், ஆனால் இலை விரிந்திருக்காது. அந்தச் சில வாரங்கள்தான் சரியான நேரம். இளமரத்துக்கு இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை போதும். ஊற்றிய தண்ணீர் மேலேயே தேங்கி நின்றாலோ, வடிகால் துளை வழியாக வேர் வெளியே வந்தாலோ காலம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

தொட்டியும் கலவையும்

பழையதைவிட 5 செ.மீ. அகலமான தொட்டி எடுங்கள். ஒரேயடியாகப் பெரிய தொட்டிக்குப் போனால் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடந்து அழுகலைக் கொண்டுவரும். வாய் குறுகி வயிறு பெருத்த தொட்டி எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். அடுத்த முறை மரத்தை வெளியே எடுக்கத் தொட்டியை உடைக்க வேண்டியிருக்கும். சுட்ட மண் தொட்டி ஈரம் உறைந்து விரியும்போது வெடித்துவிடும், அதனால் வெளியே நிற்கும் மரத்துக்கு நான் தடித்த பிளாஸ்டிக்கையே விரும்புகிறேன்.

கலவைக்கு நான் போடுவது: பொடியாக நறுக்கிய பைன் பட்டை இரண்டு பங்கு, பெர்லைட் அல்லது பியூமிஸ் (இரண்டும் எடை குறைந்த எரிமலைக் கல் துகள்கள்) ஒரு பங்கு, மக்கிய உரம் ஒரு பங்கு. லேசான அமிலத்தன்மை இந்த மரத்துக்குப் பிடிக்கும். பான்சாய் வளர்ப்பவர்கள் அகடாமா என்ற குறுணை வடிவ ஜப்பானிய மண்ணைச் சொல்வார்கள். அது நல்ல மண்தான், ஆனால் உறைந்து உருகி சில ஆண்டுகளில் களிமண் மாதிரி ஆகிவிடும். பெரிய தொட்டிக்கு அது தேவையில்லை. அடியில் கூழாங்கல் அடுக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். மேலே இருக்கும் கலவை முழுக்க நனைந்து நிரம்பாமல் தண்ணீர் கல்லுக்குள் இறங்காது. ஈரம் தேங்கும் மட்டம்தான் வேருக்கு இன்னும் அருகில் வரும்.

வேரைக் கையாளுவது

மரத்தை வெளியே எடுத்ததும் ஒரு மூங்கில் குச்சியால் ஓரத்திலிருந்து மண்ணை உதிர்த்துக்கொண்டே வாருங்கள். இதற்கென்று இரும்புக் கொக்கி விற்கிறார்கள், அது மெல்லிய வேர்களைக் கிழித்துவிடும். எனக்குக் குச்சிதான் சரி. தொட்டியைச் சுற்றி வளையமாக ஓடும் வேர்களையும் அடியில் பாய் மாதிரிப் பின்னிக் கிடப்பதையும் வெட்டுங்கள். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம். கத்தரியை ஆல்கஹாலால் துடைத்துவிட்டுத் தொடங்குங்கள். வெர்டிசிலியம் வாடல் என்ற பூஞ்சை நோய் வேர் வழியாகத்தான் நுழைகிறது, வந்துவிட்டால் மருந்து இல்லை. கிளைகளை இப்போது வெட்டாதீர்கள், இந்தப் பருவத்தில் வெட்டிய இடத்தில் சாறு ஒழுகும்.

என்னை இரண்டாவது முறை தடுமாற வைத்தது அடுத்த படி. ஓர மண்ணை மட்டும் உதிர்த்துவிட்டு, நடுவிலிருந்த பழைய உருண்டையை அப்படியே புதுக் கலவையில் வைத்தேன். தினமும் தண்ணீர் ஊற்றினேன், அடியிலும் நன்றாக வடிந்தது. ஆனாலும் இலை ஓரங்கள் கருகின. குச்சியை நடுவில் செருகிப் பார்த்தால் உள்ளே தூள் மாதிரிக் காய்ந்திருந்தது. காய்ந்த பழைய உருண்டை தண்ணீரை ஏற்காது. ஊற்றுவதெல்லாம் சுற்றியுள்ள தளர்ந்த கலவை வழியாக ஓடிவிடும். அதனால் இப்போதெல்லாம் மரத்தை எடுப்பதற்கு முந்தைய நாளே நன்றாக நனைத்துவிடுகிறேன், உருண்டையில் நாலைந்து இடத்தில் குச்சியால் துளையிட்டு நடுமண்ணையும் கொஞ்சம் தளர்த்துகிறேன்.

நடும்போது தண்டு அகன்று வேராக மாறும் இடம் மண்மட்டத்தில் தெரிய வேண்டும். ஒட்டுக்கட்டிய இடம் புதையக் கூடாது. கலவையைக் குச்சியால் குத்திக்குத்தி இடைவெளிகளை நிரப்புங்கள், அப்புறம் அடியில் வழியும்வரை தண்ணீர். ஐந்தாறு வாரத்துக்கு உரம் வேண்டாம். கோடை முடிவிலும் தழைச்சத்து உரம் போடாதீர்கள், அப்போது வரும் இளந்தளிர் முற்றுவதற்குள் பனி பிடித்துவிடும்.

பனிக்காலம்

இலை முழுக்க உதிர்ந்து, லேசான உறைபனி இரண்டு மூன்று கண்ட பிறகுதான் மரத்தை நகர்த்துங்கள். அந்தக் குளிர்தான் அதை உறங்க வைக்கிறது. சூடேற்றாத கராஜ் அருமையான இடம். மைனஸ் 5க்கும் பிளஸ் 5க்கும் இடையில் இருந்தால் கவலையில்லை. இலை இல்லாததால் வெளிச்சமும் தேவையில்லை. வீட்டுக்குள் சூடான அறையில் வைத்தால் மட்டும் உறக்கம் கலைந்து, மரம் ஒவ்வொரு ஆண்டும் நலிந்துகொண்டே போகும். தொட்டியோரம் ஒரு தெர்மாமீட்டர் வைத்திருங்கள். இந்த வேலைக்கு நான் வாங்கியதிலேயே மிகப் பயனுள்ள பொருள் அதுதான்.

உறங்கும் மரத்துக்கும் தண்ணீர் வேண்டும். இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை விரலை உள்ளே விட்டுப் பாருங்கள், காய்ந்திருந்தால் கொஞ்சம் ஊற்றுங்கள்.

கராஜ் இல்லாவிட்டால் தொட்டியை விளிம்புவரை தரையில் புதைத்துவிடலாம். அதற்கும் வழியில்லை என்றால் வெயில் படாத சுவரோரம் தொட்டிகளை நெருக்கமாகத் தரையில் வைத்து, கம்பிவலை வளையம் போட்டு, இடைவெளியெல்லாம் சருகோ பட்டைத்தூளோ நிரப்புங்கள். காற்றுக் குமிழ்கள் உள்ள பிளாஸ்டிக் உறையை (பபிள் ராப்) மட்டும் சுற்றினால் போதுமா என்று பலர் கேட்டார்கள். அது சூடு தராது, குளிர் உள்ளே போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். ஓரிரவுக் குளிருக்குச் சரி, வாரக்கணக்கில் உறைந்தால் போதாது. தொட்டிமேல் விழும் பனியைத் தள்ளாதீர்கள், அதுவே நல்ல போர்வை.

பின்சேர்க்கை: சருகு மூடாக்குக்குள் எலி புகுந்து பட்டையைக் கடித்துவிட்டது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். தண்டைச் சுற்றி முழுதாகப் பட்டை போனால் மரம் பிழைக்காது. மூடாக்குப் போடும் முன்பே தண்டின் அடியில் நெருக்கமான கம்பிவலை சுற்றிவிடுங்கள், சருகு தண்டைத் தொடாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மொட்டு அசைய ஆரம்பித்ததும் மரத்தை வெளியே கொண்டுவந்து நிழலில் வையுங்கள். இருட்டில் விரிந்த இலை வெளுத்து நீண்டுவிடும். இலை எட்டிப் பார்த்த பிறகு இரவு பூஜ்யத்துக்குக் கீழே போகும் என்று தெரிந்தால் அன்று மட்டும் உள்ளே எடுத்துவிட்டுக் காலையில் மறுபடி வெளியே. சில வசந்தங்களில் பத்துப் பன்னிரண்டு முறைகூடத் தூக்கியிருக்கிறேன். அதற்காகவே பெரிய தொட்டிகளுக்கு அடியில் சக்கரப் பலகை வைத்திருக்கிறேன்.