பனங்கிழங்குல ஆரம்பிங்க: நம்ம பக்கத்துப் பிள்ளைங்களுக்கு தாவரவியல் சொல்லிக்குடுக்கிறது எப்படி

ஆறாங்கிளாஸ் பையன்ட்ட ஒருவித்திலைத் தாவரம்னா என்னன்னு கேளுங்க, விதைக்குள்ள ஒரே ஒரு வித்திலை, அதாவது முளைக்கிற கன்னோட முதல் இலை, இருக்கிற செடின்னு டக்குனு சொல்லிருவான், நெல்லு, மக்காச்சோளம்னு ரெண்டு உதாரணமும் சேத்து சொல்லுவான். அதே பையன்ட்ட ஸ்கூலுக்குப் பின்னாடி நிக்கிற பனை எந்த வகைன்னு கேட்டா முழிப்பான். இத்தனைக்கும் சித்திரைல நுங்கு குடிச்சவன், நுங்கு வண்டி உருட்டுனவன், தைப்பொங்கலுக்கு கிழங்கு தின்னவன். திருநெல்வேலிப் பக்கம் வளர்ற பிள்ளைக்கு பாதி தாவரவியல் வாய்லயும் கைலயும் ஏற்கனவே இருக்கு, நாமதான் அத பாடத்தோட கோக்காம விட்டுடுதோம். அதனால நான் சொல்ற முறை ஒண்ணே ஒண்ணுதான், முதல்ல பொருள கைல குடுங்க, அப்புறம் கேள்வி கேளுங்க, பேரு கடைசில வரட்டும். டீச்சரா இருந்தாலும் சரி, லீவுல தெருப் பிள்ளைங்கள சேத்து வச்சு செய்றவங்களா இருந்தாலும் சரி, இதுக்கு லேப் வேண்டாம்.

தேவைப்படுற சாமான்: பத்து மடங்கு பெருசா காட்டுற கை லென்ஸ் ரெண்டு மூணு, ஒரு பிளேடு (அது பெரியவங்க கைல மட்டும்), பழைய நியூஸ்பேப்பர், நூல்கண்டு, ஒரு நோட்டு. அவ்ளோதான்.

முதல்ல பனை, ஏன்னா ஒரு வருஷம் முழுக்க பாடம் நடத்த அது ஒண்ணு போதும். சித்திரைல நுங்கு வெட்டும்போது கண்ணு எத்தனைன்னு எண்ணச் சொல்லுங்க, பெரும்பாலும் மூணு இருக்கும், ஒவ்வொரு கண்ணும் ஒரு விதை, நாம குடிக்கிறது அந்த விதைக்குள்ள முளைக்கப்போற கன்னுக்காக சேத்து வச்ச சாப்பாடு. ஆடி ஆவணில பழம் விழும்போது கொட்டைய பொறுக்கி ஸ்கூல்லயே ஒரு ஓரமா மண்ணக் கூட்டி பதிச்சு வச்சிருங்க. கார்த்திகை வாக்குல ரெண்டு கொட்டைய மட்டும் எடுத்து அரிவாளால பெரியவங்க யாராவது வெட்டிக் குடுக்கணும், உள்ள பஞ்சு மாதிரி தவுண் இருக்கும், அத பிள்ளைங்க சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்போது கேளுங்க, சித்திரைல தண்ணியா குளுகுளுன்னு இருந்தது எங்க போச்சுன்னு. ஓட்ட ஒட்டி கல்லு மாதிரி வெள்ளையா இருக்கு பாருங்க, அதுதான் அது, முத்திப்போச்சு. அந்தக் கெட்டிச் சாப்பாட்ட கரைச்சு உறிஞ்சி கன்னுக்கு அனுப்புறதுதான் தவுணோட வேலை, அது வித்திலையோட ஒரு பகுதி. ஒரு விதைல ஒரு வித்திலைதான் இருக்கு, அதத்தான் இப்ப நீ மென்னுக்கிட்டு இருக்கன்னு சொல்லிப் பாருங்க, பாடப்புத்தகத்துல இருந்த வார்த்தைக்கு அன்னைக்குத்தான் உசுரு வரும்.

மிச்சத்த தைல பிடுங்குங்க. கிழங்கு வேரா, தண்டா, இலையா? எல்லாரும் வேருன்னுதான் சொல்லுவாங்க, மண்ணுக்குள்ள இருக்குல்ல. சரி, அப்ப அடில மெலிசா தொங்குதே அது என்னதுன்னு கேளுங்க. அப்புறம் கிழங்க நெடுக்க பிளக்கச் சொல்லி நடுக்குருத்த லென்ஸ்ல பாக்கவிடுங்க, மடிப்பு மடிப்பா ஓலை தெரியும். ஓலைய சுத்திப் போத்திக்கிட்டு இருக்கிறது இலை உறை, அது தடிச்சு மாவு சேத்து வச்சதுதான் நாம அவிச்சுத் திங்கிற கிழங்கு. இத நீங்களா முந்திக்கிட்டு சொல்லிராதீங்க, அஞ்சு நிமிஷம் சண்டை போடட்டும், வேருன்னு ஒரு கட்சி, இல்லன்னு ஒரு கட்சி, அந்தச் சண்டைதான் வகுப்பு.

பனைல ஆணும் பெண்ணும் தனித்தனி மரம், நுங்கு பெண் மரத்துலதான், பதநீர் ரெண்டுலயும் இறக்கலாம். ஊருக்குள்ள எந்தெந்த மரம் எதுன்னு ஒரு மேப் போடச் சொல்லுங்க. பனையேறுற வீட்டுப் பிள்ளை ஒருத்தன் வகுப்புல இருந்தா, பாளையப் பாத்தே சொல்லிருவான், அன்னைக்கு அவன்தான் வாத்தியார், நீங்க பெஞ்சுல உக்காந்து கேளுங்க. பின் பெஞ்சுல பேசாம இருக்கிற பிள்ளைங்க பேச ஆரம்பிக்கிற இடம் இதுன்னு நான் பல தடவை பாத்திருக்கேன், இந்த ஒரு காரணத்துக்காகவே நான் பனைய விடமாட்டேன்.

பூவுக்கு எல்லாரும் செம்பருத்தியத்தான் கிழிக்கிறாங்க, நல்லதுதான், பெருசா இருக்கும், கேசரமெல்லாம் (மகரந்தம் இருக்கிற ஆண் பாகம்) ஒட்டி குழாயாகி சூலகத்தண்ட (பெண் பாகத்தோட காம்பு) சுத்தி நிக்கிறது கண்ணுக்கே தெரியும், நுனில மகரந்தம் வந்து ஒட்டுற சூலகமுடி அஞ்சு. ஆனா அத மட்டும் காட்டி நிறுத்தாதீங்க. பூவரசம்பூ, வெண்டைப்பூ, கிடைச்சா பருத்திப்பூ, நாலையும் வரிசையா பேப்பர்ல வச்சு என்ன ஒத்துமைன்னு மட்டும் கேளுங்க. கேசரக் குழாய் நாலுலயும் இருக்குன்னு ஒரு பிள்ளை கண்டுபிடிச்சிரும், குடும்பம்னா என்னன்னு அப்ப சொல்லலாம், மால்வேசின்னு பேரையும் அப்பவே சொல்லலாம், மறக்காது. இன்னொரு விஷயம், வீட்டுச் செம்பருத்தி காய்க்கிறது அபூர்வம், அதனால பூ எப்படி காயாகுதுன்னு காட்ட வெண்டைதான் சரி. பிஞ்ச குறுக்க வெட்டுனா பெரும்பாலும் அஞ்சு அறை, ஒவ்வொண்ணுலயும் விதை. வெண்டைப்பூ காலைல விரிஞ்சு அன்னைக்கே வாடிரும், அதனால முதல் பீரியட்ல வச்சுக்கோங்க. பூவரசம்பூவ மட்டும் தூக்கிப் போட்டுராம சாயங்காலம் வரைக்கும் மேசைல வைங்க, மஞ்சளா வந்தது சிவப்பாகிட்டு போறத அவங்களே வந்து சொல்லுவாங்க.

இலைக்கு வேப்பங்கொப்பு. ஒரு இலைய பிய்ச்சுக் குடுன்னு சொன்னா எல்லாரும் சின்னதா ஒண்ண பிய்ப்பாங்க, அது இலை இல்ல, சிற்றிலை. இலையும் கொப்பும் சேர்ற கக்கத்துல ஒரு மொட்டு இருக்கும், மொட்டு எங்க இருக்கோ அங்க இருந்து மேல மொத்தமும்தான் ஒரு இலை. இத வேம்புல பிடிச்சுக்கிட்டாங்கன்னா முருங்கைய குடுங்க, எவ்ளோ பெரிய இலைன்னு வாயப் பிளப்பாங்க.

ஆத்துப்பாசனம் இருக்கிற ஊருன்னா வாழைய விட்டுராதீங்க. குலை வெட்டுன மரத்த அடுக்கடுக்கா உரிச்சா நடுவுல தண்டு இருக்கும், அதே மாதிரி இன்னும் பூ தள்ளாத இளங்கன்னு ஒண்ண குறுக்க வெட்டிப் பாருங்க, சுருட்டுன இலை மட்டும்தான் இருக்கும், தண்டே இருக்காது. ஏன்? வாழையோட நிஜத் தண்டு மண்ணுக்குள்ள கிழங்கா கிடக்கு, பூ வர்ற நேரத்துலதான் அது நடுவால மேல ஏறி வருது, நாம பொரியல் வைக்கிறது அத. வாய்க்கா ஓரத்துல கோரையும் நெல்லும் பக்கத்துப் பக்கத்துல கிடைக்கும், கண்ண மூடிக்கிட்டு ரெண்டு தண்டையும் விரலுக்கு நடுவுல உருட்டச் சொல்லுங்க. நெல்லு உருளும், கணு தட்டுப்படும், கோரை முக்கோணம், கணு இல்லாம நீட்டா போகும். அந்தக் கணு இல்லாத நீளம் இருக்கிறதுனாலதான் பத்தமடைல அத மெல்லிசா கிழிச்சு பட்டுப் பாய் நெய்யுதாங்க. சேரன்மகாதேவி பக்கம் இருக்கிறவங்க முடிஞ்சா ஒரு நாள் கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.

விதை முளைக்கிறது எல்லாரும் செய்றதுதான், பஞ்சுல பச்சைப்பயறு. கூடவே இன்னொரு டம்ளர்ல கொண்டக்கடலையும் போடுங்க, பயறு வித்திலையத் தூக்கிக்கிட்டு மேல வரும், கடலை கீழயே விட்டுட்டு வரும், வித்தியாசத்த நோட்டுல படமா வரையட்டும்.

மழை பெஞ்ச ஐப்பசி கார்த்திகைதான் வெளிய கூட்டிட்டுப் போக நல்ல நேரம். ஸ்கூல் பின்னாடி தரைல நூலால ஒரு மீட்டர் சதுரம் கட்டி, அதுக்குள்ள எத்தனை வகை செடின்னு குழு குழுவா எண்ணட்டும், பேரு தெரியணும்னு அவசியமே இல்ல, இது வேற அது வேறன்னு பிரிச்சா போதும். தும்பை, குப்பைமேனி, நெருஞ்சி, டவுசர்ல ஒட்டுற நாயுருவி, எச்சில் தொட்டா வெடிக்கிற பட்டாசுக்காய், எல்லாம் வரும். வெடிக்கிறதும் ஒட்டுறதும் எதுக்குன்னு கேட்டீங்கன்னா விதை பரவுற பாடம் முடிஞ்சிரும், அத ரொம்ப இழுக்க வேண்டாம்.

ஒரு குழுவுக்கு ஒரு செடின்னு பேப்பருக்கு நடுவுல வச்சு மேல கனமா ஏத்தி காய வைங்க, அடைமழை நேரத்துல தினம் பேப்பர் மாத்தணும், இல்லன்னா பூஞ்சை பிடிச்சிரும். பக்கத்துல தேதி, இடம், எடுத்தவங்க பேரு, பூ நிறம் (காஞ்சா நிறம் போயிரும்), வீட்ல ஆச்சி தாத்தா சொல்ற பேரு எழுதணும். இதுல ஒரு நல்ல சிக்கல் வரும். சீமைக்கருவேலத்த ஒருத்தன் வேலிக்காத்தான்னு எழுதிட்டு வருவான், இன்னொருத்தன் உடைன்னு எழுதுவான், குடை விரிச்சாப்ல தட்டையா நிக்கிற நம்ம நாட்டு உடை மரத்துக்கும் அதே பேரு வந்துரும். ரெண்டு கொப்பையும் பக்கத்துல வச்சு ஒண்ணு அமெரிக்கால இருந்து வந்தது, இன்னொண்ணு இந்த மண்ணோடதுன்னு சொல்லிட்டு, உலகம் பூரா குழப்பமில்லாம பேச ஒரு பேரு வேணும்ல, அதுக்குத்தான் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரான்னு லத்தீன்ல வைக்காங்கன்னு சொன்னா, அவங்களே மத்த செடிக்கும் கேப்பாங்க.

முக்கியமான எச்சரிக்கை, இத முதல் நாளே சொல்லிரணும், அதுவும் நாம திங்கிறதுல இருந்து பாடம் ஆரம்பிக்கிறதுனால ரெண்டு மடங்கு கண்டிப்பா சொல்லணும். டீச்சர் குடுக்காத எதையும் வாய்ல வைக்கக்கூடாது. அரளி, மஞ்சரளிக் காய், ஊமத்தை, குன்றிமணி, ஆமணக்கு விதை, எல்லாம் விஷம். நம்ம மாநிலப் பூ செங்காந்தள் பாக்க அவ்ளோ அழகு, இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாகி, பிடிச்சு ஏறுறத காட்டலாம், ஆனா கிழங்குல இருந்து விதை வரைக்கும் கொல்ற விஷம். எருக்கம்பால் கண்ணுல படவே கூடாது. செடி தொட்டா கை கழுவணும்.

பொதிகை மலைல 2000க்கு மேல தாவர இனம் இருக்கு, வேற எங்கயும் இல்லாதது நூத்துக்கணக்குல இருக்கு, அதனால பாபநாசம், மணிமுத்தாறு பக்கம் கூட்டிட்டுப் போகணும்னு ஆசை வரும். வனத்துறைட்ட அனுமதி வாங்கிட்டுப் போங்க, களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள்ள ஒரு இலை கூட பறிக்கக்கூடாது, படம் வரையலாம், உதிர்ந்தத கீழ வச்சே பாக்கலாம். ஆனா ஸ்கூல் சுத்துச்சுவர்குள்ள இருக்கிறத பாத்து முடிக்காம மலைக்கு ஓடாதீங்க.

மார்க் போட்டே ஆகணும்னா, பிள்ளைங்க இதுவரைக்கும் பாக்காத ஒரு கொப்ப பூவோட கொண்டுவந்து வச்சு, என்ன பாக்கியோ அத பத்து வரி எழுதுன்னு குடுங்க. இலை எப்படி அமைஞ்சிருக்கு, இதழ் எத்தனை, கேசரம் ஒட்டியிருக்கா தனித்தனியா, இதுக்கு முன்னாடி பாத்ததுல எது இதுக்குச் சொந்தம். பேரு எழுதலன்னா மார்க் குறைக்காதீங்க.